திருப்புளியின் முனை

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் சாலை, திருக்கடையூரைக் கடந்து தரங்கம்பாடிக் கடற்கரையில் முடிகிறது. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேட்டூர் அணை சூன் 12இல் திறக்கப்படுவது வழக்கம் என்றாலும், திறந்த நீர் இங்கே வந்து சேரும்வரை குறுவை நாற்றங்கால் காயாமல் காப்பது ஆழ்துளைக் கிணற்று மோட்டார்தான். வயலோரத்து மோட்டார் கொட்டகைகளில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் பழைய ஒன்றைத் திறந்து பாருங்கள். மின்கம்பி வந்து சேரும் பித்தளை முனையத்தின் ஓரம் பச்சை பூத்திருக்கும். கம்பியின் உறை கருகிச் சுருங்கியிருக்கும். அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய திருகாணியின் தலையில் காடி இருக்கும், ஆனால் காடிக்கு மூலைகள் இரா. எதிரெதிரான இரண்டு மூலைகளும் மழுங்கி, பிதுங்கிய உலோகம் கூரான பிசிறாக நிற்கும். விரலால் தடவினால் கீறும். இனி அந்தத் திருகாணியை இறுக்கவும் இயலாது, கழற்றவும் இயலாது.

இதன் விளைவை எண்களால் காணலாம். 5 குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். முனையத் திருகாணி சரியாக இறுகாததால் அவ்விடத்தில் 0.1 ஓம் மின்தடை கூடிவிட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் கிடைக்கும்: ஏறத்தாழ 5.6 வாட். மோட்டாரை நேரடியாகத் தொடக்கும் நொடியில் மின்னோட்டம் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர்வரை எழும். அப்போது அதே இடத்தில் 200 வாட்டுக்கு மேல் வெப்பம். இணைப்பு சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குகிறது, திருகாணி மேலும் தளர்கிறது, மின்தடை மேலும் ஏறுகிறது. ஒரு நாள் ஒரு முனை அறுந்து, மோட்டார் எஞ்சிய இரு முனைகளில் உறுமி நின்று, சுற்றுக்கம்பி கருகும். “மோட்டார் காயில் போச்சு” என்று ஊரில் சொல்லப்படுவனவற்றுள் சில, பொருந்தாத ஒரு திருப்புளியால் என்றோ தொடங்கியவை.

ஆனாலும் திருப்புளி வாங்கும்போது நாம் பார்ப்பது பிடியின் நிறத்தையும் தண்டின் நீளத்தையும்தான். கையில் வாங்கி ஒரு முறை எடைபார்ப்பது போல ஆட்டுவோம், அவ்வளவே. முனையின் கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டரை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. கருவி வேலை செய்வது அந்தச் சிறு நீளத்தில்தான். மற்றதெல்லாம் அதற்கு ஆற்றலைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு.

முறுக்குவிசை என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. திருக்கடையூரில் நாள்தோறும் நடக்கும் அறுபதாம் கல்யாணத்திலும் எண்பதாம் கல்யாணத்திலும் மணையில் அமரும் அம்மையார்களின் தோட்டைப் பார்த்தால் இக்கணக்கு விளங்கும். தோட்டின் தண்டு ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். பின்னால் திருகும் திருகாணியின் வட்டு அதைப் போல நான்கைந்து மடங்கு அகலம். அந்த அகலமே போதும், கருவி எதுவும் இன்றி இரண்டு விரல்களால் இறுக்கிவிடலாம். (அமாவாசை வானில் அபிராமி எறிந்து நிலவாக ஒளிர்ந்ததாக இவ்வூர் நம்பும் தாடங்கமும் காதணிதான். அதற்குத் திருகாணி இருந்ததா என்று தலபுராணக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.) திருப்புளியின் பிடியும் இதே வட்டுதான்; தனியாகக் கழற்றி, வேண்டிய திருகாணியோடு இணைத்துக்கொள்ளும் வட்டு.

இப்போது முனைக்கு வருவோம். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடியின் விளிம்பில் கை 120 நியூட்டன் விசையைச் செலுத்துகிறது என்க. ஆரம் 0.015 மீட்டர், முறுக்குவிசை 1.8 நியூட்டன் மீட்டர். சிறிய திருகாணி ஒன்றை நன்கு இறுக்க இது போதும். முனையின் அகலம் 6 மில்லிமீட்டர். அது காடியின் சுவரை அகலம் முழுவதும், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீராகத் தொடுமானால், ஒவ்வொரு பாதியும் மூன்று சதுர மில்லிமீட்டர் பரப்பில் அழுத்தும். அப்போது அழுத்தம் ஏறத்தாழ 200 மெகாபாசுகல். அதே முனை காடியைவிட மெலிதாக இருந்தால் உள்ளே சற்றே சாய்ந்து சுழன்று, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டுமே முட்டும். தொடும் பரப்பு 0.3 சதுர மில்லிமீட்டர் எனக் கொண்டால் அழுத்தம் 1000 மெகாபாசுகலாக உயர்கிறது. மெல்லெஃகு ஏறத்தாழ 250 மெகாபாசுகலில் நிலையாக உருக்குலையத் தொடங்கும். பித்தளைத் திருகாணி இதனினும் மென்மையானது. கையின் வலிமை ஒன்றே, திருகாணியும் ஒன்றே. முதல் நிலையில் அது இறுகுகிறது. இரண்டாம் நிலையில் அதன் காடி கிழிகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கண்ட பிசிறு இப்படிப் பிறந்ததுதான்.

ஆகவே தட்டைமுனைத் திருப்புளியில் பார்க்க வேண்டிய அளவு இரண்டு. ஒன்று அகலம்: திருகாணித் தலையின் காடி நீளத்துக்குச் சமமாகவோ இழையளவு குறைவாகவோ இருக்க வேண்டும். கூடினால் சுற்றியுள்ள மரத்தைக் கீறும். மற்றது கனம்: முனை காடிக்குள் நுழைந்ததும் ஆட்டம் இருக்கலாகாது. இந்தக் கனத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். ஆறு மில்லிமீட்டர் அகலத் திருப்புளிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், கனம் வேறாக இருக்கலாம். முனையின் வடிவத்தையும் நோக்க வேண்டும். மலிவான திருப்புளிகளில் தண்டு ஆப்பு வடிவில் படிப்படியாக மெலிந்து முடியும். ஆப்பு காடியின் மேல்விளிம்பை மட்டுமே தொடும். முறுக்கும்போது, சாய்ந்த பக்கங்கள் காரணமாக, விசையின் ஒரு கூறு திருப்புளியையே வெளியே தள்ளும். நல்ல முனையின் இரு முகங்களும் கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். துப்பாக்கிப் பழுதுபார்ப்போரும் கடிகாரம் பழுதுபார்ப்போரும் இணைமுகம் இல்லாத முனையைக் கையால் தொடமாட்டார்கள். அவர்களுடைய பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் விலை குறைந்துவிடும்.

பட்டறையில் ‘ஸ்டார்’ என்று வழங்கும் கூட்டற்குறிக் காடிக்கு வேறொரு வரலாறு உண்டு. கனடாவில் இராபர்ட்சன் என்பார் 1908இல் சதுரக்குழித் திருகாணியை வகுத்தார்; வழுக்காத நல்ல வடிவம் அது. எனினும் உலகெங்கும் பரவியது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து என்றி பிலிப்சு 1936இல் காப்புரிமை பெற்ற கூட்டற்குறி வடிவமே. தொழிற்சாலையின் தொடர்வரிசையில் பொறியால் திருகும்போது முனை தானே நடுவில் சென்று அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம். காடிலாக் மகிழுந்துத் தொழிற்சாலை அதை முதலில் ஏற்றது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் ஏற்றனர். பொறிக்கு ஏற்றது கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! எளிதில் உள்ளே இறங்குவதற்காக அதன் சிறகுகளைச் சரிவாக அமைத்தார்கள். அதே சரிவு, முறுக்கு மிகும்போது முனையை ஏணியில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. ஆகவே பிலிப்சு வகையில் திருப்புவதோடு நெற்றியில் அழுத்தவும் வேண்டும். கையாற்றலில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இக்குறையைத் திருத்த வந்த பொசிடிரைவ் வகையில் சிறகுகளின் பக்கங்கள் ஏறத்தாழ இணையாக நிற்கும். திருகாணித் தலையில் கூட்டற்குறியின் நான்கு இடைவெளிகளிலும் மெல்லிய கோடு ஒவ்வொன்று தெரிந்தால் அது இவ்வகை. இப்போது நம் வீடுகளுக்கு வந்துள்ள மாடுலர் அடுக்களைகளின் ஐரோப்பியக் கீல்களில் இதைக் காணலாம். பிலிப்சு முனையை அதில் நுழைத்தால் நுழையும், இறுக்கினால் நழுவும்.

கூட்டற்குறியில் அளவுகள் எண்ணால் குறிக்கப்படும். வீட்டு வேலையில் பத்துக்கு எட்டு திருகாணிகள் 2ஆம் எண்ணைக் கேட்கும். சிறிய மின்பொருள்களுக்கு 1, மூக்குக்கண்ணாடிக்கும் கைப்பேசிக்கும் 0 அல்லது அதனினும் சிறியது, பெரிய பொறிகளுக்கு 3. ஒன்றாம் எண் முனையை இரண்டாம் எண் குழியில் விட்டுச் சுழற்றுவதே இந்நாட்டில் கூட்டற்குறித் திருகாணிகள் அழிவதற்குத் தலையாய காரணம் என்பது என் துணிபு.

சப்பானியப் பொறிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒசூரில் 1984இல் வெளிவந்த இண்டு-சுசுகி, அடுத்த ஆண்டு வந்த யமகா ஆர்.எக்ஸ். 100 ஆகிய வண்டிகள் நம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சப்பானியத் திருகாணியை வீட்டுப் பழக்கமாக்கின. எஞ்சின் பக்க மூடியை அலுமினிய உடலோடு பிணைத்திருந்த அந்தத் திருகாணிகள் பார்வைக்குப் பிலிப்சு போலவே இருக்கும். உண்மையில் அவை சப்பானியத் தரப்படி வெட்டப்பட்டவை. குழியின் சரிவும் மூலை வளைவும் வேறு. பிலிப்சு முனை குழியின் அடிவரை இறங்காமல் மேலேயே மிதந்து நிற்கும். எஃகும் அலுமினியமும் பல ஆண்டு ஒட்டியிருந்த மரையில் அப்படி மிதக்கும் முனையால் முறுக்கினால் தலை உரிந்து போவது உறுதி. அதன் பிறகு உளியும் சுத்தியலும்தான். இம்பாக்ட் திருப்புளி எனும் கருவியைப் பட்டறைக்காரர்கள் கைக்கொண்டது இதனால்தான். சுத்தியல் அடி முனையைக் குழிக்குள் அழுத்தும், அதே அடி உட்சரிவில் திரும்பிச் சுழற்சியாகும். அழுத்தமும் முறுக்கும் ஒரே நொடியில் கிட்டும். பழைய சப்பானியத் திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். கடைமடை வயல்களில் நாற்று நடும் பொறிகளிலும் சப்பானிய வழிவந்தவை உண்டாகையால், அந்தப் புள்ளி தெரிந்தால் சப்பானியத் தர முனையை எடுப்பது நன்று. அத்தர முனை பிலிப்சுக் குழியிலும் நன்றாகவே அமரும். ஒன்றுதான் வாங்க இயலும் எனில் நான் அதைத்தான் வாங்குவேன்.

நீளத் திருப்புளிக்கு வலிமை அதிகம் என்பது பட்டறைகளில் வேரூன்றிய நம்பிக்கை. இயற்பியல் இதை ஏற்பதில்லை. தண்டின் நீளம் முறுக்குவிசையைக் கூட்டாது. கூட்டுவது பிடியின் ஆரம் மட்டுமே. உண்மையில் நீண்ட தண்டு சற்று மிகுதியாக முறுகும், ஏனெனில் முறுக்கக் கோணம் நீளத்துக்கு நேர்விகிதம். பின் நீளமானது ஏன் எளிதாக இருப்பதாகத் தோன்றுகிறது? நீளத் திருப்புளிக்குப் பெரும்பாலும் பெருத்த பிடி போடுகிறார்கள் என்பது ஒன்று. அச்சு பிறழாமை மற்றொன்று. பிடியில் கை 10 மில்லிமீட்டர் விலகினால், 100 மில்லிமீட்டர் தொலைவில் உள்ள முனை ஏறத்தாழ 6 பாகை சாயும். 200 மில்லிமீட்டராயின் 3 பாகையே. சாய்வு குறைந்தால் முனை காடியில் முழுமையாக அமரும். ஆக, நீளம் தரும் நன்மையும் இறுதியில் முனையின் நன்மையே. தண்டின் கனத்துக்கோ பெரும் பங்குண்டு. முறுக்கத்தைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது, விறைப்பு நான்மடியைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டர் தண்டைவிட 6 மில்லிமீட்டர் தண்டு ஏறத்தாழ 1.7 மடங்கு வலியது, 2 மடங்கு விறைப்பானது. வேலை செய்யும் இடம் இடுங்கியதா, அகன்றதா என்பதே நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

எஃகைக் கண்ணால் அறிய இயலாது. தண்டில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பது கலப்பு உலோகத்தைச் சொல்லுமே அன்றி, அது எப்படிப் பதமாக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. எஃகை ஏறத்தாழ 850 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்தால் அதன் உட்கட்டமைப்பு மிகக் கடினமான மார்ட்டென்சைட்டாக மாறும். அந்த நிலையில் அது நொறுங்கும். பிறகு சில நூறு பாகையில் மீண்டும் சூடாக்கி ஆற்றினால் கடினம் சற்றே தளர்ந்து, உடையாமல் வளைந்து கொடுக்கும் உரம் வரும். இந்த இரண்டாம் சூட்டில்தான் கொல்லரின் கைத்திறமும் தொழிற்சாலையின் நேர்மையும் தெரியும். நல்ல முனை ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 55 முதல் 60 வரை கடினம் கொண்டிருக்கும். சூடு மிஞ்சிய திருப்புளியின் முனை சில நாளில் முறுக்கிய கயிறாகும். சூடு போதாதது ஒரு மூலையை உதிர்த்துவிட்டு நிற்கும். முன்னதாவது பார்த்தால் தெரியும், பின்னது கண்ணில் தெறிக்கும். திருப்புளிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 844. 1969 முதல் சுவீடன் நாட்டுத் தொழில்நுட்பத் துணையோடு கைக்கருவிகள் செய்யத் தொடங்கிய டபாரியா நிறுவனத்தின் திருப்புளிகள் சிற்றூர் இரும்புக் கடைகளிலும் கிடைக்கின்றன. அதே பெயரை ஓரெழுத்து மாற்றி வரும் போலிகளும் கூடவே கிடைக்கின்றன என்பதால் பொறிப்பைக் கூர்ந்து படியுங்கள்.

கடையில் செய்யத்தக்க ஆய்வு மூன்று உண்டு. வேலைக்குரிய திருகாணி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு செல்லுங்கள். கூட்டற்குறி முனையை அதில் அழுத்தி, திருப்புளியைக் கிடையாகப் பிடியுங்கள். பொருத்தம் சரியாக இருந்தால், காந்தம் இல்லாமலேயே திருகாணி விழாமல் ஒட்டி நிற்கும். அடுத்து, கண்ணாடி மேசைமேல் தண்டை உருட்டுங்கள். முனை வட்டமடித்தால் தண்டு வளைந்தது. பிறகு முனையின் மேற்பூச்சைப் பாருங்கள். பளபளக்கும் குரோமியப் பூச்சு முனைவரை வந்திருந்தால் அது அழகுக்காகச் செய்தது. பூச்சு மூலைகளை உருட்டிவிடும். பின்னர் செதிலாக உரியும். தண்டில் பூச்சும் முனையில் கறுப்பும் இருப்பது பெரும்பாலும் அளவு பார்த்துச் செய்ததன் அடையாளம். அரத்தால் முனையை உரசிப் பார்ப்பது நான்காம் ஆய்வு. கடைக்காரர் இசையமாட்டார்.

பிடிக்கு மரம் முதற்பொருள். இன்று ஒளி ஊடுருவும் செல்லுலோசு அசிட்டேட் வகைகள் மிகுதி. அடியைத் தாங்கும், எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் அடைத்த பெட்டியில் பல ஆண்டு கிடந்த இவ்வகைப் பிடிகள் சிலவற்றிலிருந்து புளித்த வாடை வீசும்; பிடியின் பொருள் சிதைந்து அமிலம் விடும் மணம் அது. நம் சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து உராய்வு குறையும்போது, வழவழப்பான உருளைப் பிடியைவிட மூன்று அல்லது ஆறு முகம் கொண்ட பிடியே கைக்கு இணங்கும். அது வரப்பில் வைத்தாலும் உருண்டு சேற்றில் விழாது.

மின்வேலைக்கு வேறு அளவுகோல். நெகிழிப் பிடி இருப்பதனாலேயே திருப்புளி மின்காப்புடையதாகிவிடாது. தண்டின் உலோகம் பிடியின் அடிவரை ஊடுருவி நிற்கும் வகையும் உண்டு. தண்டு முனைவரை உறையிடப்பட்டு, இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டு என்ற பொறிப்பும் கொண்டவையே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60900ஆம் தரத்துக்கு உரியவை. அவற்றையும் மின்சாரத்தை நிறுத்திய பின்பே எடுக்க வேண்டும். உறை இரண்டாம் காவல். வீடுதோறும் கிடக்கும் டெஸ்டரோ திருப்புளியே அன்று. அதனுள் ஒரு நியான் விளக்கு, ஒரு சுருள்வில், ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் மின்தடை. 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர்தான் நம் உடல் வழியே செல்லும். அதனால்தான் தொட்டும் பிழைக்கிறோம். அதன் மெல்லிய முனையால் சுவிட்சுப் பெட்டியின் திருகாணிகளை முறுக்கினால் முனை வளையும், உட்புறம் விரிசல் விடும், மின்தடை இடம்பெயரும். அப்புறம் விளக்கு எரியாததை நம்பிக் கம்பியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

திருக்கடையூரில் இன்னொரு பகைவன் கடற்காற்று. காற்றில் வரும் உப்பின் குளோரைடு இரும்பின் காப்புப் படலத்தைக் கிழிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் பருமன் கொள்ளும். அது மரைகளுக்கு நடுவே பெருத்து ஆணியைப் பிணித்துக்கொள்ளும். பித்தளைக் கீலில் இரும்புத் திருகாணி போடுவது இங்கே தன்னையே கெடுத்துக்கொள்ளும் செயல், ஏனெனில் இரு உலோகமும் உப்பு ஈரத்தில் மின்கலம் போலாகி, இரும்பே முதலில் கரையும். பித்தளைக்குப் பித்தளை, அல்லது துருவேறா எஃகு. பிணைந்த திருகாணியைக் கழற்ற முதலில் காடியைத் துப்புரவு செய்யுங்கள். அழுக்கடைந்த காடியில் எந்த முனையும் அமராது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டா, நாளடைவில் பிசினாகும். மறுநாள் முனையைக் காடியில் நிறுத்தித் தலையில் இரண்டு தட்டு தட்டி, சற்றே இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பின் எதிர்த்திசையில் திருப்புங்கள். துருவின் பிடி முதல் அசைவிலேயே உடையும். முனை முதல் முயற்சியில் நழுவினால் நிறுத்திவிட்டு வேறு முனை தேடுங்கள். இரண்டாம் முறை நழுவியபின் தேடுவது உளியாகத்தான் இருக்கும்.

தேய்ந்த தட்டைமுனையைச் சாணைக்கல்லில் மீண்டும் தீட்டிக்கொள்ளலாம். தீட்டும்போது எஃகு வைக்கோல் மஞ்சளைத் தாண்டி நீலமாகிவிட்டால் சூடு ஏறத்தாழ 300 பாகையைத் தொட்டிருக்கும், பதம் போய்விடும். அடிக்கடி நீரில் தோய்த்து, இரு முகமும் இணையாக இருக்கத் தீட்டி, கடைசியில் முனையின் அடியை நேர்தளமாக்குங்கள். கூட்டற்குறி முனைக்கு இந்த மறுபிறவி இல்லை. சிறகு தேய்ந்ததும் அதைத் திருப்புளி வரிசையிலிருந்து எடுத்து, பெயிண்டு டப்பாவின் மூடி நெம்பப் பரணில் போட்டுவிடலாம்.